பொங்கல் முடிந்த திங்கட்கிழமை

தென்மாவட்டப் பேருந்துகள் பொங்கல் கூட்டத்தைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டு ஓய்ந்த மறுநாள் காலை, சென்னையின் குழந்தைகள் காப்பகங்களில் அழுகைச் சத்தம் தெருவரை கேட்கும். வேளச்சேரி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் என்று அலுவலகங்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதிகளில் ஒவ்வொரு ஜனவரியிலும் இதே காட்சிதான். டிசம்பரில் தானே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஓடிய இரண்டரை வயதுக் குழந்தை, இப்போது கேட்டைக் கண்டதும் அப்பாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொள்கிறது. காலால் உதைக்கிறது. தூக்கி வாங்க வரும் ஆன்ட்டியின் கையைத் தட்டிவிடுகிறது. போன மாதம் அதே ஆன்ட்டியின் மடியில் உட்கார்ந்துதான் அது பருப்புச் சாதம் சாப்பிட்டது.

பெற்றோருக்கு வயிற்றைப் பிசைகிறது. உள்ளே யாராவது அடித்திருப்பார்களோ என்ற சந்தேகம் முதலில் வருகிறது. வேலைக்குப் போவதற்காகக் குழந்தையை வதைக்கிறோமோ என்ற குற்றவுணர்வு அடுத்து. ஊரிலிருந்து தொலைபேசியில், "பேசாம எங்ககிட்டயே விட்டுட்டுப் போயிருக்கலாம்ல" என்று ஒரு குரல் வந்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. இவற்றில் எதுவும் காரணமாக இல்லாமலே ஒரு குழந்தை இப்படி அழ முடியும் என்பதும், அப்படி அழுவது அதன் வளர்ச்சியில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த பத்து நாளில் குழந்தைக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அம்மாச்சி மடி, அப்பத்தா மடி, சித்தியின் இடுப்பு, மாமாவின் தோள் என்று கால் தரையில் படாத நாட்கள். அடுப்பைச் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் சொன்னது, மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடித்ததைப் பார்த்தது, இரவு பதினொரு மணிவரை திண்ணையில் பெரியவர்களோடு விழித்திருந்தது, காலை ஒன்பதுக்கு எழுந்தது. சாப்பாடு யார் கையிலாவது உருண்டையாக உருட்டப்பட்டு வாய்க்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவும் அப்பாவும் காலையிலிருந்து ராத்திரிவரை கண்ணெதிரே இருந்தார்கள். இத்தனையும் ஒரே இரவுப் பயணத்தில் முடிந்து, விடிந்தால் ஏழு மணிக்குப் பல்துலக்கல், எட்டரைக்குக் காப்பகம். பெரியவர்களுக்கே அந்தத் திங்கட்கிழமை கசக்கிறது. லீவு முடிந்தது என்பதாவது அவர்களுக்குத் தெரியும். காலண்டர் என்று ஒன்று இருப்பதே அறியாத வயது அந்தக் குழந்தைக்கு.

பிரிவைக் கண்டு அஞ்சுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு எட்டு மாத வாக்கில் தொடங்கும். ஒரு வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், ஒன்றரை வயதுக்குமேல் மெல்லத் தணியத் தொடங்கி, மூன்று வயதுவாக்கில் பெரும்பாலும் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்கும் பருவமும் இதுதான். இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை, எப்போது வருவாள் என்றும் தெரியவில்லை. அழுகை அங்கிருந்துதான் வருகிறது. "அஞ்சு மணிக்கு வந்துடுவேன்" என்ற வாக்கியத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பிடிபடுவது "வந்துடுவேன்" மட்டுமே. அதையும் நம்புவதற்கு, முன்பு சொன்னபடி வந்த அனுபவம் வேண்டும். டிசம்பர்வரை தினமும் சேர்ந்துவந்த அந்த அனுபவம் ஜனவரியில் பத்து நாள் அறுந்துபோகிறது.

பத்து நாள் எதற்கு, இரண்டு நாளே போதும் என்று கருதுகிறார்கள் ஜெர்மனியில். அங்கே 2013 ஆகஸ்ட் முதல், ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் பெறுவது சட்ட உரிமை. புதிதாகச் சேரும் குழந்தையை எப்படிப் பழக்குவது என்பதற்கு அங்கு பரவலாகப் பின்பற்றப்படும் முறைக்கு 'பெர்லின் முறை' என்று பெயர். ஹான்ஸ் யோவாகிம் லேவன், பெயாட்டெ ஆண்ட்ரெஸ் ஆகியோர் சார்ந்த ஆய்வு நிறுவனத்தில் 1980களில் உருவானது. முதல் மூன்று நாட்கள் அம்மாவோ அப்பாவோ குழந்தையுடன் வந்து, சுமார் ஒரு மணி நேரம் அதே அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். பிரிவு என்ற பேச்சே கிடையாது. நான்காம் நாள்தான் முதல்முறையாக, சொல்லிவிட்டு, அதிகபட்சம் அரை மணி நேரம் வெளியே போவார்கள். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக இருந்தால் அன்றைக்குப் பிரிந்து பார்க்கக் கூடாது, செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி. சனி, ஞாயிறு வீட்டில் இருந்ததே ஒரு இடைவெளி என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் பத்து நாள் விடுமுறைக்குப் பின் நேரே ஒன்பது மணி நேரத்துக்கு விட்டுவிட்டு, குழந்தை ஏன் அழுகிறது என்று குழம்புகிறோம்.

குழந்தை பழகிவிட்டது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அடையாளமும் கவனிக்கத்தக்கது. அழாமல் இருப்பதை அவர்கள் அளவாகக் கொள்வதில்லை. அம்மா கிளம்பும்போது குழந்தை அழலாம், எதிர்க்கலாம். ஆனால் பிறகு காப்பக ஊழியர் தூக்கித் தேற்றினால் தேறுகிறதா, அவர் மடியை ஏற்றுக்கொள்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். விடுமுறைக்குப் பின் மாலையில் காப்பகத்தில், "இன்னிக்கு அழுதானா?" என்று கேட்கும் பெற்றோர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்: "அழுதப்போ யார் தூக்கினாங்க? எவ்வளவு நேரத்துல சரியானான்?" பதில் முதல் நாள் அரை மணி, மூன்றாம் நாள் பத்து நிமிடம் என்று இறங்கிவந்தால் குழந்தை சரியான பாதையில் இருக்கிறது.

அழுகை வெறும் பிடிவாதம் அல்ல என்பதற்கு உடலே சாட்சி சொல்கிறது. லீசலோட்டெ ஆனர்ட் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் அமெரிக்காவின் மேகன் கன்னர் உள்ளிட்டோரும் பெர்லின் காப்பகங்களில் புதிதாகச் சேர்ந்த 15 மாதக் குழந்தைகள் 70 பேரை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மன அழுத்தத்தின்போது உடல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் குழந்தைகளின் உமிழ்நீரிலிருந்து அளந்தார்கள். தாய் விட்டுச்சென்ற ஆரம்ப நாட்களில் அந்த அளவு, வீட்டில் இருந்தபோது இருந்ததைவிட 75 முதல் 100 சதவீதம் கூடியிருந்தது. அதே குழந்தைகள், தாய் கூடவே உட்கார்ந்திருந்த பழகும் நாட்களில் அந்த அளவுக்குக் கலங்கவில்லை. தாயோடு உறுதியான பிணைப்புள்ள குழந்தைகளிடம் இது நன்றாகத் தெரிந்தது. அதிக நாட்கள் கூட இருந்து பழக்கிய தாய்மாரோடு குழந்தைகளின் பிணைப்பு உறுதியாக நீடித்தது, சிலரிடம் முன்பைவிட உறுதிப்பட்டது. அந்த ஆய்வு முதன்முறை சேரும் குழந்தைகளைப் பற்றியது. நீண்ட விடுமுறை முடிந்து திரும்பும் குழந்தை அவ்வளவு புதிது அல்ல. அறையும் முகங்களும் அதற்கு நினைவிருக்கும். என்றாலும் அதே வழி சுருக்கமாக இங்கும் பயன்படும்: முதல் நாள் உள்ளே வந்து கால் மணி நேரம் உட்காருவது, முதல் இரண்டு மூன்று நாட்கள் மதியச் சாப்பாட்டோடு அழைத்துக்கொண்டு போவது, பிறகு முழு நாள்.

இனி, வாசலில் நடப்பது. நம் ஊர்க் காப்பகங்களில் காலங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. ஆயாம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், "அதோ பாரு காக்கா, அதோ பாரு" என்று காட்டுவார். அம்மாவுக்குக் கண்ணாலேயே சைகை வரும். குழந்தை காக்கையைப் பார்க்கும் அந்த நொடியில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மறைந்துவிடுவார். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். குழந்தை அழாமல் இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் காக்கையிலிருந்து கண்ணைத் திருப்பும் குழந்தைக்குக் கிடைப்பது என்ன? அசந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்ற பாடம். அடுத்த நாள் அது எதையும் வேடிக்கை பார்க்காது. பொம்மையை நீட்டினாலும் ஒரு கையால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் வாங்கும். வீட்டிலும் அம்மா குளியலறைக்குப் போனால் கதவைத் தட்டி அழும். ஒளிந்து போவதால் இன்றைய அழுகையில் பத்து நிமிடம் மிச்சமாகிறது. அதற்கு விலையாகப் போவது குழந்தையின் நம்பிக்கை. விடுமுறைக்குப் பிந்தைய வாரத்தில், அந்த நம்பிக்கை ஏற்கனவே ஆட்டம் கண்டிருக்கும்போது, இதைச் செய்யவே கூடாது.

சொல்லிவிட்டுப் போக வேண்டும். அழுதாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

சொல்வது சின்னதாக, தினமும் ஒன்றுபோல இருந்தால் நல்லது. "அம்மா ஆபீஸ் போறேன் கண்ணு. நீ தூங்கி எழுந்து, பால் குடிச்சு, ஊஞ்சல் ஆடுவே. அப்புறம் அம்மா வந்துடுவேன்." கடிகாரம் தெரியாத குழந்தைக்கு அதன் நாளில் வரும் வேலைகள்தான் கடிகாரம். ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, பிறகு திரும்பிப் பார்க்காமல் நடப்பது. சொல்லிவிட்டுக் கேட்டருகே நின்று எட்டிப் பார்ப்பதும், அழுகை கேட்டுத் திரும்ப உள்ளே வந்து இன்னொரு முறை விடைபெறுவதும் பிரிவை நீட்டிக்கும் வேலை. "பால் குடிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டு இரவு ஏழு மணிக்கு வந்தால் சொன்னதே வீண். அந்த ஒரு வாரமாவது சொன்ன நேரத்துக்கு வர முடியாவிட்டால், சரியாக வரக்கூடிய வேறு ஒருவர் பெயரைச் சொல்வதே மேல்: "இன்னிக்கு தாத்தா வருவார்."

நம் வீடுகளில் தாராளமாகப் புழங்கும் சில வாக்கியங்கள் இந்த வாரத்தில் மிகுந்த கெடுதல் செய்கின்றன. "அழுதேன்னா அம்மா வரவே மாட்டேன்." "சேட்டை பண்ணா மிஸ்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்லுவேன்." முதல் வாக்கியம் குழந்தையின் ஆழ்ந்த பயத்தை உண்மை என்று உறுதிசெய்கிறது. இரண்டாவது, பகல் முழுவதும் தேற்ற வேண்டிய மனுஷியைப் பூச்சாண்டியாக்கிவிடுகிறது. "பெரிய பையன் அழலாமா" என்பதும் உதவாது. "அம்மாவை விட்டுப் போறது உனக்குக் கஷ்டமா இருக்கு, எனக்குத் தெரியும்" என்ற ஒரு வரி, இரண்டு வயதுக் குழந்தைக்கும் புரியும். முழு வாக்கியமும் புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரியும்.

அழாத குழந்தையைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் அன்னா ஃபிராய்ட் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலன் பார்க்கும் வேலை செய்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அங்கே வேலை செய்த அனைவரும், யாராக இருந்தாலும், குழந்தைகளைப் பற்றித் தாங்கள் கண்டதைக் குறிப்பெழுத வேண்டும் என்பது அன்னாவின் விதி. அப்படிக் கவனிக்கக் கற்றுக்கொண்டவர் பின்னாளில் ஒரு திரைப்படக் கருவியைக் கையில் எடுத்து, மருத்துவமனையில் தாய் உடன் தங்காமல் எட்டு நாட்கள் இருந்த லாரா என்ற இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். 1952-இல் அதை லண்டன் மருத்துவர்களுக்குத் திரையிட்டபோது பலத்த எதிர்ப்பு. வார்டில் குழந்தைகள் அமைதியாகவே இருக்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. லாராவும் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருந்தாள். பொம்மையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு, இடையிடையே அம்மா எங்கே என்று கேட்டாள். அந்த அமைதி நிம்மதி அல்ல என்பதைத்தான் ராபர்ட்சன் காட்டினார். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, கடைசியில் பற்றறுத்தல் என்று பிரிவு மூன்று படியாகக் குழந்தைக்குள் இறங்குவதை அவர் எழுதிவைத்தார். 1959-இல் பிரிட்டனின் பிளாட் குழு, குழந்தை நோயாளிகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்ததில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு.

காப்பகம் மருத்துவமனை அல்ல. அம்மா தினமும் மாலையில் வந்துவிடுகிறார். அதனால் அந்த மூன்று படிகளையும் இங்கே அப்படியே பொருத்திப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் விடுமுறைக்குப் பின் மூலையில் உட்கார்ந்து, பொம்மையைத் தொடாமல், சாப்பிடாமல், யாரையும் அழைக்காமல் இருக்கும் குழந்தையைப் பார்த்து, "இவன் சமத்து, அழவே இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கதறி அழுத குழந்தையை யாராவது தூக்கிவிடுவார்கள். இந்தக் குழந்தையைத் தேடிப்போய்த்தான் தூக்க வேண்டும்.

தயாரிப்பு வீட்டில் தூக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஒன்று முதல் இரண்டு வயதுவரை நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வயதுவரை 10 முதல் 13 மணி நேரம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, குழந்தைகள் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. ஊரில் பதினொரு மணிக்குப் படுத்த குழந்தையை ஞாயிறு இரவு திடீரென எட்டரைக்குப் படுக்க வைத்தால் அது தூங்காது. ஊர் திரும்புவதை ஞாயிறு நள்ளிரவுவரை தள்ளாமல் வெள்ளி அல்லது சனிக்கிழமையே வந்துவிட்டால், தினமும் கால் மணி, அரை மணி என்று படுக்கை நேரத்தை முன்னால் கொண்டுவரலாம். அதைவிடக் காலையில் எழுப்பும் நேரத்தை முன்னால் நகர்த்துவது சுலபம். இரவு பேருந்தில் அரைத்தூக்கம் தூங்கி இறங்கிய குழந்தையை அன்றைக்கே காப்பகத்தில் விடுவதைப்போல் தவறான தொடக்கம் வேறில்லை.

ஞாயிறு மாலை காப்பகம் இருக்கும் தெரு வழியாக ஒரு நடை போய்வரலாம். ஆன்ட்டியின் பெயரையும் கூட விளையாடும் குழந்தைகளின் பெயரையும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம். ஊரில் எடுத்த படங்களில் ஒன்றை அச்சிட்டுப் பையில் வைத்தால், மாட்டுப் பொங்கல் கதையை அங்கே போய்ச் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும். அம்மாவின் பழைய சேலைத் துண்டோ துப்பட்டாவோ தூங்கும் நேரத்தில் கையில் இருந்தால் பல குழந்தைகளுக்குப் போதும். தாய்க்கும் உலகத்துக்கும் நடுவில் குழந்தை பிடித்துக்கொள்ளும் இத்தகைய பொருட்களைப் பற்றி டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950களின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அதைத் துவைக்காமல் கொடுப்பது நல்லது, அம்மாவின் வாசனைக்காகத்தான் குழந்தை அதைத் தேடுகிறது.

காப்பகத்தின் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. பண்டிகைக்கு ஊருக்குப் போன உதவியாளர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. குறைந்த சம்பளம், நீண்ட நேரம், ஊரிலேயே வேறு வேலை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். குழந்தை திங்கட்கிழமை வந்து தேடும் முகம் அங்கே இருக்காது. பெற்றோருக்கு அது பெரும்பாலும் தெரிவதும் இல்லை. "எங்க பாப்பாவைப் பார்த்துக்கிற அக்கா வந்துட்டாங்களா?" என்று முந்தின நாளே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பல நாள் குழப்பத்தைத் தவிர்க்கும். புது ஆள் என்றால் பழகும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு மேலும் சில நாட்கள் ஒதுக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் அங்கன்வாடிகளிடம் ஒரு பழைய பலம் உண்டு. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. காலையில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை அழைத்துவருவது அங்கன்வாடி உதவியாளரின் வேலைகளில் ஒன்று. தன் வீட்டு வாசலிலேயே ஆயாம்மாவைப் பார்த்து, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையோடு நடந்துபோகும் குழந்தைக்குப் பிரிவு ஒரு கேட்டருகே ஒரே அடியாக நிகழ்வதில்லை. தெரு நீளத்துக்கு அது கரைந்துவிடுகிறது. பல ஆயிரம் கட்டணம் வாங்கும் தனியார் காப்பகங்களும் இதில் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது. விடுமுறைக்குப் பிந்தைய முதல் வாரம் ஊழியர் ஒருவர் வாசலுக்கே வந்து, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லி வரவேற்பதற்குக் கூடுதல் செலவில்லை. தாயின் இடுப்பிலிருந்து பறித்தெடுப்பதைவிட, குழந்தையைக் கீழே இறக்கித் தன் காலில் நடந்து உள்ளே வர விடுவது எவ்வளவோ நல்லது.

அரை நாள் விட்டு அழைத்துக்கொண்டு போங்கள், கூட உட்காருங்கள் என்றெல்லாம் சொல்வது எளிது. திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனிக்கு எட்டரைக்குள் போக வேண்டிய தாய் என்ன செய்வார்? 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்பது சட்ட விதி. தனக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாத தாய்மார் ஏராளம். அந்த நான்கு முறையில் ஒன்றை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொண்டால், குழந்தையின் நீண்ட பகல் இரண்டாகப் பிரிந்துவிடும். அந்த வசதி இல்லாத இடங்களில் தாய்க்கும் தந்தைக்கும் இடையே லீவைப் பங்கிட்டுக்கொள்வதுதான் வழி. பொங்கலுக்கு எடுக்கும் லீவில் ஒரு நாளை ஊரில் செலவழிக்காமல் இந்தத் திரும்பும் வாரத்துக்கு மிச்சம் பிடிப்பது எந்தத் தந்தையும் செய்யக்கூடியது. காலையில் விடும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டால் நல்லது. அம்மாவிடம் அழும் பல குழந்தைகள் அப்பாவிடம் சுலபமாகக் கையசைத்துவிடுகின்றன.

மாலையில் அழைக்கப் போகும்போது இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கலாம். பகல் முழுக்க நன்றாக விளையாடியது என்று ஆன்ட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அம்மாவைக் கண்ட குழந்தை ஓவென்று அழும், அடிக்கும், வீடுவரை அடம்பிடிக்கும். நாள் முழுதும் அடக்கிவைத்ததை நம்பிக்கையான ஆளிடம் அது கொட்டுகிறது. அந்த நேரத்தில் கடைக்குப் போவது, கேள்வி கேட்பது எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு, கைபேசியையும் ஓரமாக வைத்துவிட்டு, இருபது நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதே போதுமான மருந்து. நின்றுபோயிருந்த விரல் சூப்புதலும் படுக்கையை நனைப்பதும் சில நாட்களுக்குத் திரும்ப வரலாம். திட்டாமல் விட்டால் தானே போய்விடும்.

பெரும்பாலான குழந்தைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மூன்று வாரம் தாண்டியும் அழுகை குறையாமல் கூடிக்கொண்டே போனால், காப்பகத்தில் சாப்பாடும் தூக்கமும் அறவே இல்லையென்றால், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் நடுங்கினால், உடலில் காரணம் தெரியாத காயம் இருந்தால், அது விடுமுறையின் விளைவு அல்ல. அறிவிக்காமல் நடுப்பகலில் போய்ப் பார்க்க வேண்டும், குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெற்றோர் உள்ளே வருவதை எந்த நேரத்திலும் மறுக்கும் காப்பகத்தில் குழந்தையை விடுவதையே மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

தை மாதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொங்கல் அழுகை ஓயும் நேரத்தில் சளி, காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டில் இருக்க நேரும். இந்த வயதுக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது சாதாரணம். அதற்குள் குடியரசு நாள், தைப்பூசம் என்று விடுமுறைகள் வந்துவிடும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு காலை கொஞ்சம் அழுகை திரும்பும், முன்பைவிடச் சீக்கிரம் அடங்கும். அந்த நாட்களில் அரை மணி முன்பே கிளம்பிவிட்டால், வாசலில் அவசரப்படாமல் சொல்லிவிட்டுப் போக நேரம் இருக்கும்.